30 வருடமாக ஓடிய சி புரோகிராம் புது ஜிசிசியில் நிற்கிறது. தரநிலைக் குழு எதை வைத்து முடிவெடுக்கிறது?

மாலைவகுப்பு (மஞ்சக்குப்பம், கடலூர்):

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் சி, சி++ சொல்லிக்கொடுக்கிறேன். பாலிடெக்னிக் பிள்ளைகளும் கலைக்கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரியின் கணக்கு புரோகிராமையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 1990-களில் யாரோ சி-யில் எழுதிக் கொடுத்தது. திரையில் கலரோ பெட்டியோ எதுவும் கிடையாது. ஒரு வரிக்கு ஒரு கொள்முதல்: யாரிடம் வாங்கியது, எத்தனை மூட்டை, உடைத்ததில் டபிள்யூ240 தரம் எவ்வளவு, டபிள்யூ320 தரம் எவ்வளவு, துண்டு எவ்வளவு. படிக்கும், கூட்டும், பில் அடிக்கும். லினக்ஸுக்கு மாற்றியபோதும் ஒழுங்காகவே ஓடியது.

இப்போது புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதில் ஜிசிசி 15 கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்). கம்பைல் செய்தால் பக்கம் பக்கமாக எரர். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ் என்ற ஃபங்ஷனே தெரியாது என்கிறது. இன்ட் என்ற முழு எண் வகைக்கு பூல் என்று மறுபெயர் வைத்த டைப்டெஃப் வரியை ஏற்க மறுக்கிறது. வெறும் அடைப்புக்குறியோடு அறிவித்த ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால், தேவைக்கு அதிகமாக மதிப்புகள் தருகிறாய் என்கிறது. பெயர்களை அடைப்புக்குள்ளும் வகைகளை அடுத்த வரியிலும் எழுதும் பழைய பாணி ஃபங்ஷன்களுக்கு ஒவ்வொன்றாக எச்சரிக்கை விடுகிறது.

இதில் ஒரு வரிகூட நான் மாற்றவில்லை, வியாபாரியும் மாற்றவில்லை. எங்கோ ஓர் அறையில் சிலர் கை தூக்கியிருக்கிறார்கள், இங்கே பில் நிற்கிறது. யார் இவர்கள்? வேலை செய்யும் நிரலை உடைக்கலாம் என்று எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

வகுப்பிலும் இதே சிக்கல். சில கல்லூரி லேப்களில் இன்னும் டர்போ சி++ தான். வாய்ட் மெயின், ஐஓஸ்ட்ரீம் டாட் எச், கெட்ஸ் எல்லாம் அங்கே சரி, செய்முறைத் தேர்விலும் சரி. அதே பிள்ளை என்னிடம் வந்து புது கம்பைலரில் போட்டுவிட்டு, "சார், புத்தகத்தில் இருக்கிறதே" என்று கேட்கிறது. எது சரி என்று நான் யாரைக் காட்டிச் சொல்வது?


லாஸ்பேட்டை (புதுச்சேரி):

முதலில் வியாபாரிக்கு பில் வரட்டும். ஜிசிசி 15 தன் இயல்பு நிலையாக சி23-ஐ (சி மொழியின் புதிய தரநிலை; எண் ஆண்டைக் குறிக்கும்) எடுத்துக்கொண்டது. க்னு17 பதிப்பாக, அதாவது முந்தைய சி17 விதிப்படி, தொகுக்கச் சொல்லுங்கள். பூல் சிக்கலும் வெறும் அடைப்புக்குறிச் சிக்கலும் போய்விடும். கெட்ஸ் மட்டும் அப்போதும் நிற்கும். க்னு89 என்று போட்டால் அதுவும் எச்சரிக்கையோடு போய்விடும், ஆனால் அதைச் செய்யாதீர்கள். படிக்கும் அளவுக்கு வரம்பு கொடுக்கும் எஃப்கெட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு விஷயம் கவனம்: கெட்ஸ் வரிமுடிவு எழுத்தை எறிந்துவிடும், எஃப்கெட்ஸ் வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் வரியின் கடைசியில் வரும் தரத்தின் பெயர் "டபிள்யூ320" என்பதோடு ஒப்பிடும்போது பொருந்தாது, மொத்தம் பூஜ்ஜியமாக வரும். வரிமுடிவு இருக்கும் இடத்தைத் தேடி அங்கே சரத்தின் முடிவைக் குறிக்கும் நல் எழுத்தைப் போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. சி மொழிக்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பின் கீழ் டபிள்யூஜி14 என்ற குழு, சி++ மொழிக்கு டபிள்யூஜி21. கம்பைலர் எழுதும் நிறுவனங்களின் ஆட்கள், பல்கலைக்கழக ஆட்கள், தனி ஆட்கள் எல்லாரும் வருவார்கள். கடைசியில் ஓட்டுப் போடுவது நாடுகளின் தரநிலை அமைப்புகள். குழுவின் முன்மொழிவுகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சான தரநிலைதான் காசு. சி11-க்கு என்1570 என்ற வரைவு இலவசம், மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கெட்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் கோபத்துக்கு நேர் எதிரான கோபம். படித்ததை வைக்கும் மெமரி இடமான பஃபரின் அளவு அந்த ஃபங்ஷனுக்குத் தெரியாது. உள்ளே வரும் வரி எவ்வளவு நீளமானாலும் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் இணையத்தில் பரவியபோது அதன் வழிகளில் ஒன்று இதுதான். ஃபிங்கர் சேவையின் நிரல் 512 பைட் பஃபரில் கெட்ஸ் வைத்துப் படித்தது, புழு 536 பைட் அனுப்பியது. உலகம் முழுக்கப் பேசினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் சி தரநிலை ஒப்புதலாகிறது, அதில் கெட்ஸ் இருக்கிறது! ஏற்கெனவே எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் காரணம். இருக்கிற நிரல்கள் முக்கியம், இருக்கிற கம்பைலர்கள் முக்கியமல்ல என்பது அந்தக் குழு தன் விளக்க நூலிலேயே எழுதிவைத்த கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் எந்தக் கவனத்தோடும் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாத ஒன்றுக்கு அந்தக் கொள்கை அடைக்கலம் கொடுத்தது. 2007-ல் வந்த திருத்தத்தில்தான் கைவிடத்தக்கது என்று குறித்தார்கள். நீக்கியது சி11-ல். முதல் தரநிலைக்கும் இதற்கும் நடுவே 22 ஆண்டு. அந்த 22 ஆண்டில்தான் உங்கள் வியாபாரியின் புரோகிராமும் எழுதப்பட்டது, உங்கள் மாணவர்களின் பாடப்புத்தகமும் அச்சானது. அன்றே எடுத்திருந்தால் இரண்டிலும் அது இருந்திருக்காது.

குழுவின் முடிவுகளை எடைபோட நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: விதியை எழுதுவதற்கு முன் யாராவது அதைச் செய்து பார்த்தார்களா?

நோஅலையஸ் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு பாயின்டர்கள் ஒரே மெமரியைக் காட்டாது என்று கம்பைலருக்கு உறுதிகொடுக்கும் சொல் அது. முதல் தரநிலை முடியும் தறுவாயில் குழு அதைப் புதிதாகச் சேர்த்தது. எந்தக் கம்பைலரிலும் அது பழக்கத்தில் இருந்ததில்லை. 1988 மார்ச்சில் டென்னிஸ் ரிட்சி எழுதினார்: நோஅலையஸ் போயே ஆகவேண்டும், இதில் பேரமில்லை. மொழியை உருவாக்கியவர், குழுவில் உறுப்பினர்கூட இல்லை. குழு கேட்டுக்கொண்டது. அதே தேவைக்காக வேறு வடிவில், நிதானமாக யோசித்த ரெஸ்ட்ரிக்ட் சி99-ல் வந்தது.

சி++ பக்கம் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட். ஒரு டெம்ப்ளேட்டின் (பல வகைகளுக்கும் பொருந்தும் அச்சு நிரல்) உடலை ஹெட்டர் கோப்பில் வைக்காமல் தனிக் கோப்பில் வைத்துத் தொகுக்கலாம் என்று சி++98 வாக்களித்தது. அப்போது அதைச் செய்த கம்பைலர் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு எடிசன் டிசைன் குரூப் என்ற கம்பைலர் நிறுவனம் மெனக்கெட்டுச் செய்து முடித்தது. செய்து பார்த்தபோதுதான் அது கேட்கும் உழைப்புக்கும் கொடுக்கும் பலனுக்கும் பொருத்தமே இல்லை என்று வெளிச்சமானது. 2003-ல் நீக்கச் சொல்லி ஒரு முன்மொழிவு வந்து தோற்றது. சி++11-ல் போனது. 13 ஆண்டுகள் தரநிலையில் இருந்த வசதி, மைக்ரோசாஃப்ட்டிலும் இல்லை, ஜிசிசியிலும் இல்லை.

சி11-ன் இணைப்பு கே-யும் அந்த வகைதான். பாதுகாப்பான நகலெடுப்பு என்று பெயர் பெற்ற ஃபங்ஷன்கள். மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து கிளம்பிய யோசனை, ஆனால் தரநிலையில் எழுதியது மைக்ரோசாஃப்ட்டிடமே உள்ளதோடு ஒத்துப்போகாது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி ஏற்க மறுத்துவிட்டது. நீக்கலாம் என்று 2015-ல் என்1967 என்ற அறிக்கை வந்தது. சி23-லும் அது உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் கேட்டால், அந்தப் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

ஓடும்போது அளவு முடிவாகும் அணிகள் மட்டும் என் கேள்விக்கு அடங்காது. ஜிசிசியில் முன்பே இருந்தது, சி99 கட்டாயமாக்கியது, சி11 விருப்பத்துக்கு விட்டது. மைக்ரோசாஃப்ட் கடைசிவரை செய்யவில்லை. ஸ்டேக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக மெமரி) இடம் போதாவிட்டால் சொல்ல வழியே இல்லாத வசதி அது. லினக்ஸ் கெர்னலில் தேடித் தேடி எடுத்து 2018-ல் முழுக்க ஒழித்தார்கள். ஆக, செய்து பார்த்திருந்தாலும் தவறு நேரும். ஆனால் செய்தே பார்க்காமல் எழுதியதில் நன்றாக வந்ததாக எனக்கு ஒன்றுகூட நினைவில்லை.


முத்தியால்பேட்டை_வெப்:

நான் ஜாவாஸ்கிரிப்ட் ஆள். எங்கள் பக்கம் இதன் மறுபாதி நடக்கிறது. எதையும் உடைக்கக்கூடாது என்பதில் ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலைக் குழுவான டிசி39 அத்தனை உறுதி. அணிக்குள் இருக்கும் அணிகளைத் தட்டையாக்க ஃப்ளாட்டன் என்று ஒரு மெத்தட் சேர்க்கப் போனார்கள். 2018-ல் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டதும் ஒரு தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி. அதே பெயரில் தன் மெத்தடை வைத்திருந்தது, அணியின் மெத்தட்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வேறிடத்துக்கு நகலெடுக்கும். பெயர் ஏற்கெனவே உலாவியில் இருந்தால் அந்தப் பட்டியலில் வராது, நகலாகாது. பெயரை ஃப்ளாட் என்று சுருக்கி 2019 பதிப்பில் சேர்த்தார்கள். அதற்கு முன் கன்டெய்ன்ஸ் என்று வரவேண்டியதும் இதே லைப்ரரியால் இன்க்ளூட்ஸ் ஆனது.

பலர் கத்தினார்கள்: செத்துப்போன லைப்ரரிக்காக மொழியைக் கெடுப்பதா என்று. நான் குழு பக்கம். இங்கே மிஷன் வீதிக் கடை ஒன்றுக்கு யாரோ பத்துப் பதினைந்து வருடம் முன்பு செய்துகொடுத்த தளம் இன்றும் ஆர்டர் எடுக்கிறது. செய்தவர் எங்கே என்று கடைக்காரருக்குத் தெரியாது. உலாவி தானாக அப்டேட் ஆகிறது. க்னு17 என்று போட்டுத் தப்பிக்கும் வசதி அவருக்கு இல்லை. லாஸ்பேட்டை அண்ணன் கெட்ஸை அன்றே எடுத்திருக்கலாம் என்கிறார். எடுக்கும்போது பழையதை ஓட்ட ஒரு கதவு திறந்திருந்தால் மட்டும்தான் நான் ஒப்புக்கொள்வேன்.


மாலைவகுப்பு:

க்னு17 போட்டேன், இரண்டு சிக்கலும் போனது. எஃப்கெட்ஸ் மாற்றுகிறேன். நன்றி அண்ணா.

கெட்ஸ் நியாயம் புரிகிறது. ஆபத்தானது, எடுத்தார்கள். ஆனால் பூல்? இன்ட்டுக்கு ஒரு பெயர் வைத்ததில் என்ன ஆபத்து? வெறும் அடைப்புக்குறியில் என்ன ஆபத்து? அதுவும் ஆயிரக்கணக்கான பழைய நிரல்களில் இருக்குமே. இதைக் கொள்கை என்று எப்படிச் சொல்வது? எனக்கு இதுதான் வலிக்கிறது. பெரிய நிறுவனத்தில் ஆள் இருக்கிறார்கள், மாற்றிக்கொள்வார்கள். பண்ருட்டியில் யார் மாற்றுவது?


சிதம்பரம்_ஃபோர்ட்ரான்:

பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். தம்பி கேட்பது சரியான கேள்வி. ஆனால் உடைவதில் இரண்டு வகை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபோர்ட்ரான் 66-ல் டூ லூப்பின் தொடக்க மதிப்பு முடிவு மதிப்பைவிடப் பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்று தரநிலை சொல்லவில்லை. பல கம்பைலர்கள் எப்படியும் ஒருமுறை ஓட்டிவிடும், சோதனை லூப்பின் கடைசியில்தான் நடக்கும். ஃபோர்ட்ரான் 77 வந்து, அப்படியென்றால் ஒருமுறைகூட ஓடக்கூடாது என்றது. கணித நோக்கில் அதுதான் சரி. ஆனால் எரர் எதுவும் வராது. பழைய நிரல் அமைதியாகக் கம்பைல் ஆகும், அமைதியாக வேறு விடை தரும். ஒருமுறையாவது ஓடச் சொல்லும் தெரிவைக் கம்பைலர்கள் தனியாகக் கொடுக்கவேண்டியிருந்தது. எங்கள் துறையில் கணக்கிட்ட எண் ஒன்று மாறியதற்குக் காரணம் தேடி மாணவர்கள் அலைந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். உங்கள் வியாபாரிக்கு பில் நின்றது. பில் நிற்காமல் தொகை மட்டும் மாறியிருந்தால் நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஃபோர்ட்ரான் குழு ஒரு வழி பிடித்தது. ஃபோர்ட்ரான் 90 எதையும் நீக்கவில்லை, வழக்கொழிவது என்று ஒரு பட்டியல் மட்டும் போட்டது. அதிலிருந்து சிலவற்றை 95-ல் எடுத்தார்கள். மூன்று எண்களுக்குத் தாவும் பழைய இஃப் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது, நீக்கியது ஃபோர்ட்ரான் 2018-ல்தான். நீக்கிய பிறகும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் அதை ஏற்கிறது, முணுமுணுத்துக்கொண்டே. தரநிலை ஒன்றைக் கைவிட்டதாலேயே கம்பைலரும் கைவிடவேண்டியதில்லை. முத்தியால்பேட்டைத் தம்பி சொல்லும் கதவு அதுதான்.


லாஸ்பேட்டை:

சிதம்பரம் ஐயா சொன்ன அந்த அமைதியான மாற்றம்தான் எனக்கும் பயம். எரர் வந்தால் கும்பிடலாம்.

மாலைவகுப்பு, பூல் பற்றி. சி99 குழு உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் வேலை செய்தது. புது வகைக்கு அடிக்கோட்டோடு ஒரு விநோதப் பெயர் வைத்தது, பூல் என்ற அழகான பெயர் ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் மட்டும் வரும். யாருடைய டைப்டெஃப்பும் உடையவில்லை. சி23 அதைச் சொந்தச் சொல்லாகவே ஆக்கியது. நடுவில் 24 ஆண்டு. சி++ இதை 1998 முதலே வைத்திருக்கிறது, இரு மொழிக்கும் பொதுவான ஹெட்டர்கள் ஏராளம். என் கேள்விக்கு இது தேறும். வெறும் அடைப்புக்குறியை 1989 தரநிலையே வழக்கொழிவது என்று குறித்துவிட்டது. ஆபத்தும் உண்டு: அப்படி அறிவித்தால் எத்தனை மதிப்பு, என்ன வகை என்று கம்பைலர் சரிபார்க்காது. முழு எண் எதிர்பார்க்கும் இடத்தில் தசம எண் போனால் குப்பைதான் வரும். உங்கள் புரோகிராமில் எடை தசமத்தில்தானே வருகிறது? அந்தக் கூப்பிடல்களை ஒன்றொன்றாகப் பாருங்கள்.

ஆனால் உங்கள் வலி நியாயமானது. 34 ஆண்டு முன்னறிவிப்பு என்று குழு சொல்லும். அந்த அறிவிப்பு எங்கே இருந்தது? விலைக்கு விற்கும் ஒரு ஆவணத்தின் பின்பக்கத்தில். ஜிசிசியில் பொதுவாக எல்லாரும் போடும் எச்சரிக்கைத் தெரிவைப் போட்டாலும் வெறும் அடைப்புக்குறிக்கு எச்சரிக்கை வராது, தனியாகக் கேட்டால்தான் வரும். கடலூரில் நிரல் எழுதியவர் காதுக்கு அது எப்படிப் போகும்? குழு ஒன்றைக் கைவிடப்போகிறது என்றால், அதை முதலில் சொல்லவேண்டிய இடம் கம்பைலரின் வாய். அங்கே பத்து வருடம் கத்தட்டும், அப்புறம் எடுக்கட்டும். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சி++11 எழுதிய விதிகளால், ஜிசிசி வைத்திருந்த ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வகையின் உள்ளமைப்பே செல்லாததானது. நகல்கள் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. 2015-ல் ஜிசிசி 5 புது ஸ்ட்ரிங்கைக் கொண்டுவந்தது, பழையதையும் கூடவே வைத்துக்கொண்டது. நான் வேலை செய்த இடத்தில் எடைமேடைக்கான ஒரு லைப்ரரியை வெளி நிறுவனம் ஒன்று தொகுத்த வடிவில் மட்டும் தந்திருந்தது, மூலநிரல் கிடையாது. இணைக்கும்போது ஸ்ட்ரிங் வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் காணவில்லை என்று வந்தது. பழைய ஸ்ட்ரிங்கையே பயன்படுத்து என்று ஒரு மேக்ரோ வைத்து ஓட்டினோம். இந்த மாதிரி அனுபவம் எல்லாருக்கும் இருந்ததால்தான் 2020 பிப்ரவரியில் பிராகில் குழு கூடியபோது, சி++23-க்காக ஏபிஐ-யை (ABI: தொகுத்து முடித்த நிரல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வடிவம்) உடைக்க ஆதரவு திரளவில்லை. அதன் விலை: எழுத்துகளில் வடிவம் தேடும் தரநிலையின் ரெஜெக்ஸ் மெதுவானது என்று எல்லாருக்கும் தெரியும், தொகுத்த பழைய நிரல்களோடு பொருந்தவேண்டியிருப்பதால் உள்ளே தாராளமாகக் கை வைக்க முடியவில்லை. இரண்டே ஆண்டில் கூகுள் ஆட்கள் கார்பன் என்று தனி மொழி அறிவித்தார்கள். உடைத்தால் பண்ருட்டிக்கு நஷ்டம், உடைக்காவிட்டால் அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பிராகில் நான் இருந்திருந்தால் உடைக்காதே என்றுதான் கை தூக்கியிருப்பேன்.

பாடப்புத்தகம் பற்றி: ஐஓஸ்ட்ரீம் டாட் எச் என்ற ஹெட்டர் எந்தத் தரநிலையிலும் இருந்ததில்லை. டர்போ சி++ வந்தது 1990-களின் தொடக்கத்தில், சி++-க்கு முதல் தரநிலை 1998-ல். அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். புத்தகம் தவறல்ல, தரநிலைக்கு முந்தியது. தேர்வுக்கு அது, வேலைக்கு இது என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொகுத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.


மாலைவகுப்பு:

பில் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே முதலில் டபிள்யூ320 மொத்தம் பூஜ்ஜியம், வரிமுடிவை எடுத்ததும் சரியானது. பழைய அச்சுப் பில்லோடு ஒப்பிட்டேன், பைசா மாறவில்லை. ஒரே இடத்தில் முழு எண் வாங்கும் ஃபங்ஷனுக்குத் தசம எடை போகிறது. அந்த வரியை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, இருந்தாலும் அறிவிப்பை முழுதாக எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. பட்டியல் காலியானால், ஒதுக்கிய மெமரியின் அளவை மாற்றும் ரீஅலாக்குக்கு அளவு பூஜ்ஜியம் கொடுத்து மெமரியைத் திருப்பித் தருகிறது இந்த நிரல். சி23-ல் அதுவும் போச்சு என்கிறார்களே?


லாஸ்பேட்டை:

ஆமாம். சி23 அதை வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று தரநிலை எதையும் சொல்லாத ஒன்று, ஆக்கிவிட்டது. ஜிலிப்சி மெமரியை விடுவித்து நல் (வெறும் முகவரி) தரும். பிஎஸ்டி இயங்குதளங்கள் வேறு மாதிரி, சிறிதாக ஒரு இடம் ஒதுக்கி அதன் முகவரியைத் தரும். பல வருடமாக ஒத்துப்போகாததால் குழு கையைக் கழுவிவிட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கவேண்டும் என்பதே என் கருத்து, பலரும் அதையே சொல்கிறார்கள். வரையறுக்கப்படாதது என்றாகிவிட்டால், இந்த அளவு பூஜ்ஜியமாகவே இருக்காது என்று எடுத்துக்கொண்டு கம்பைலர் உங்கள் சோதனையையே நீக்கிவிடத் தரநிலை இடம் கொடுக்கிறது. ஐயா சொன்ன அமைதியான வகை இது.

க்னு17-ல் இருக்கும்வரை உங்கள் நிரலுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் இன்றே மாற்றிவிடுங்கள். அளவு பூஜ்ஜியமா என்று முன்னாலேயே பார்த்து, ஆமென்றால் ஃப்ரீ கூப்பிட்டு பாயின்டரை நல் ஆக்குங்கள், இல்லையென்றால் ரீஅலாக். பட்டியலில் திரும்பச் சேர்க்கும் இடத்தில் பாயின்டர் நல்லாக இருந்தால் ரீஅலாக் புதிதாக ஒதுக்கிவிடும், அதற்குத் தனியாக எதுவும் எழுதவேண்டாம்.